செட்டியார் கதைக்க வந்த கதை

லாபிஸ்,
13-5-1934

என் குறும்பையெல்லாம் பொறுத்தருளும் பொந்தியான் சிவசம்பு மாமாவுக்கு மருமகள் யோகம் வணங்கி எழுதிக்கொள்வது. இவ்விடம் அனைவரும் சுகம். அவ்விடம் தங்கள் தொண்டை தவிர மற்றதெல்லாம் சுகமென நம்புகிறேன்.

மாமா, தாங்கள் தொண்டை கட்டி நேற்று நம் கூடத்தில் சனிக்கிழமைக் கதை சொல்ல வராததை என்னைப் பெற்ற ஐயா குறையாகவே நினைக்கவில்லை. அவருக்கு அதைவிடப் பெரிய கவலை. நாங்கள் ‘விடுதி’ என்று பலகை மாட்டி இரண்டு வருடமாகிறது. வீட்டுக்காரர் நாச்சியப்பச் செட்டியார் இப்போது அதில் முதல் இரண்டெழுத்தை மட்டும் வாசித்து, வீட்டை விடு என்கிறார். ரப்பர் ஷீட் அடுக்க இடம் வேண்டுமாம். ரப்பர் ஷீட் பாட்டுக் கேட்குமா, கதை கேட்குமா? ரப்பர்த் தோட்டத்திலிருந்து மூன்று மைல் நடந்து வந்து நம் கூடத்துப் பாயில் உட்கார்கிற சனம் பிறகு எங்கே போகும்? அந்தக் கூட்டத்தைக் கண்டால் மனம் இரங்குவார் என்று நினைத்து ஐயா சொல்லச் சொல்ல, போன வாரம் நான்தான் கடிதம் எழுதினேன்: “சனிக்கிழமை பின்னேரம் தாங்கள் அவசியம் வந்து கதைக்க வேண்டும்.” நம் யாழ்ப்பாண வீட்டில் கதைப்பது என்றால் பேசுவது. காரைக்குடிச் செட்டியாருக்கு? எழுதும்போதே எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. ஆனால் எனக்கு வருகிற நல்ல சந்தேகங்களை நான் வெளியே சொல்வதில்லை.

நேற்று தோட்டத்து வெள்ளையம்மா நடவுப்பாட்டுப் பாடி முடிக்கிறாள், செட்டியார் வந்து நிற்கிறார், தோளில் புதுத் துண்டு, நெற்றி நிறையத் திருநீறு. ஐயா எழுந்தோடி, “வாருங்கோ, உள்ளுக்கை இருந்து ஆறுதலாய்க் கதைப்பம்” என்றார்.

“எதுக்கு உள்ள? இங்கனயே கதைக்கிறேன். ஒரு வாரமாச் செவுத்தப் பாத்துச் சொல்லிப் பழகியிருக்கேன்” என்ற செட்டியார், நேரே போய்த் தங்கள் நாற்காலியில் அமர்ந்துவிட்டார்.

சொன்னது ஒரு நரிக்கதை. மகள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவளுக்குச் சொன்னதாம். ஊரில் விட்டுவந்த அவளைப் பார்த்து ஏழு வருடமாயிற்றாம். நரி கிணற்றில் விழவேண்டிய இடத்தில் செட்டியாரின் குரல் விழுந்துவிட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வெள்ளையம்மாதான், “அப்புறம் நரி என்னாச்சு, செட்டியாரே? புள்ளைங்க காத்துக்கிட்டிருக்குதுங்க” என்றாள். அவர் நரியைக் கரையேற்றினார்.

புறப்படும்போது ஐயாவிடம், “இங்க ஷீட்ட அடுக்கிட்டா நான் எங்க போயிக் கதைக்கிறது? வீடு ஒங்கள்ட்டயே இருக்கட்டும்” என்றார்.

ஆக, தாங்கள் தொண்டை கட்டியதால் நாங்கள் மூட்டை கட்டாமல் தப்பினோம். அவசரமே வேண்டாம் மாமா. கஷாயம் குடித்து, ஒரு மாதம் ஓய்வெடுத்து, மெள்ள வாருங்கோ.

மாமிக்கு என் வணக்கம். சின்ன மச்சான்மாருக்கு ஆளுக்கொரு குட்டு. முருகன் தங்களையும் தங்கள் குரலையும் காக்க.

தங்கள் மருமகள்,
யோகம்

பி.கு.: இன்று வியாழன். முத்திரை வாங்க மறந்து கடிதம் மேசையிலேயே கிடந்தது. செட்டியார் ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என்று ஒரு நாளும் தவறாமல் வந்தார். அதே நரி, அதே கிணறு. தங்கியிருந்த மூன்று பேரும் இன்று காலை ரயிலேறிவிட்டார்கள். விடுதி இருக்கிறது, தங்கத்தான் ஆளில்லை. கிடைத்த வண்டியில் உடனே புறப்படவும். குரல்கூட வேண்டாம், அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் போதும்.