கொழுக்கட்டைப் பட்டறையில் ஒரு புகார்

"உங்க பட்டறையில ஒருத்தருக்குக் குறைந்தபட்சச் சம்பளம்கூடக் குடுக்கறதில்லைன்னு புகார் வந்திருக்கு. வியாழக்கிழமை காலையில வர்றேன்" என்றாள் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து பேசிய பெண். பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டாள்.

துர்லிபெக்கின் காது மடல் சிவந்துவிட்டது. தராஸ் நகரத்தில் வேறு எந்த முதலாளியைச் சொன்னாலும் பொறுத்துக்கொண்டிருப்பார். அவரையா?

ஜனவரியில் அரசாங்கம் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒரே தூக்காகத் தூக்கியபோது, எதிர்வரிசை ரொட்டிக்கடைக்காரர் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார். மூலைச் சலவைக்கடையில் எல்லோரும் காகிதத்தில் அரைநாள் ஆட்களானார்கள். துவைத்தது என்னவோ முழுநாள். துர்லிபெக் மட்டும் மாவு மூட்டைமேல் ஏறி நின்று, "இங்கேருந்து ஒருத்தரும் போகப்போறதில்லை. புதுச் சம்பளம் முழுசா உண்டு" என்று அறிவித்தார். இந்த ஏப்ரல்வரை சொன்னபடியே கொடுத்தும் வந்தார். தெருவில் நடக்கும்போது அவருடைய தொப்பிகூடக் கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

அந்தப் பட்டறையில் நான்கு பெண்கள் ஆட்டிறைச்சிக் கொழுக்கட்டை பிடித்தார்கள். அதை உறையவைத்துக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது துர்லிபெக்கின் வேலை. புதுச் சம்பளத்துக்காக விலையைக் கூட்டினார். கடைக்காரர்கள் பாதியாகக் குறைத்து வாங்கினார்கள். பழைய விலைக்கே இறங்கினார்; கையைக் கடித்தது. எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று மனைவி மர்ஸியா கேட்டால், "அடுத்த மாசம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுத் தேநீரை உறிஞ்சுவார்.

இப்போது புகார். யாராக இருக்கும்? நால்வரில் இளையவள் ஜிபெக். அவளிடமிருந்து ஆரம்பித்தார்.

"தங்கச்சி, உனக்கு இங்க ஏதாவது குறை இருக்கா?"

"ஏன் அண்ணே கேக்கறீங்க?"

"சும்மாதான்."

அவர் சும்மா எதையும் கேட்கிறவரில்லை. தனக்குச் சீட்டுக் கிழிந்துவிட்டது என்று ஜிபெக் முடிவுகட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே அன்று அவள் பிடித்த கொழுக்கட்டை ஒன்றுக்கும் வாய் சரியாக மூடவில்லை. மறுநாள் காலையில் கடைக்காரர் ஒரு தட்டைத் திருப்பி அனுப்பினார். "அடுப்புல வெச்சா மாவு ஒரு பக்கம் போகுது, கறி ஒரு பக்கம் போகுது" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

துர்லிபெக் நால்வரையும் கூப்பிட்டு நிறுத்தினார். "நல்லாக் கேட்டுக்குங்க. யாரையும் நான் வேலையை விட்டு அனுப்பப்போறதில்லை."

பெரியவள் ரைஹான் இடுப்பில் கைவைத்தாள். "நேத்துவரைக்கும் இந்தப் பேச்சே இல்லையே. இன்னிக்கு எதுக்கு இல்லைங்கறீங்க?"

"இல்லைன்னு சொல்றதுக்குத்தான்."

"யாரு அது? நானா? முட்டிவலின்னு போன வாரம் உக்காந்தேனே, அதுக்கா?"

"ஐயோ, உக்காருங்கக்கா. நாளெல்லாம் உக்காருங்க."

"பார்த்தீங்களாடி, என்னைத்தான்" என்றாள் ரைஹான்.

அதன்பின் நால்வருக்கும் கைதான் பேசியது. போகவேண்டியவள் தான் இல்லை என்று காட்டுவதற்காக ஒருத்தியை ஒருத்தி முந்திக்கொண்டு பிடித்ததில், புதன்கிழமை மதியத்துக்குள் மூன்று நாள் கறி தீர்ந்துவிட்டது. உறைபெட்டி மூடவில்லை. துர்லிபெக்கே அதன்மேல் ஏறி உட்கார்ந்து அழுத்த வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை காலையில் ரைஹான் ஒரு காகிதத்தை அவர் முன்னால் வைத்தாள். கீழே நான்கு கையெழுத்து.

"என்னக்கா இது?"

"எங்கள்ல ஒருத்தி வீட்டுக்குப் போறதுக்குப் பதிலா, நாலு பேரும் வாரத்துல ஒரு நாள் சம்பளத்தை விட்டுக் குடுக்கறோம். வேலைக்கு ஆறு நாளும் வருவோம். ஆளைப் பிரிக்காதீங்க."

இப்படிப்பட்ட பெண்கள் வேறு எந்தப் பட்டறையில் இருக்கிறார்கள் என்று துர்லிபெக்குக்கு நெஞ்சு விரிந்தது. விரிந்த நெஞ்சு அடுத்த மூச்சில் சுருங்கியது. சட்டப்படியான குறைந்தபட்சத்துக்குக் கீழே கொடுக்கிறார் என்பதற்கு, கையெழுத்தோடு ஒரு சாட்சி மேசைமேல் கிடக்கிறது. வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது.

காகிதத்தை மாவுத் தட்டின் அடியில் செருகினார். அதிகாரிப் பெண் உள்ளே வந்ததும் ரைஹானே அதை உருவி அவளிடம் நீட்டினாள்.

"படிங்கம்மா. நாங்க எப்படிப்பட்ட ஆளுங்கன்னு தெரியட்டும்."

அதிகாரி படித்தாள். மடித்து ரைஹானின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "இதை நான் பார்க்கலை. நீங்க கிழிச்சுப் போட்டுடுங்க."

பிறகு சம்பளப் பட்டியலை விரித்து ஒவ்வொரு பெயராகக் கேட்டு, ஒவ்வொருத்தியும் ஆமாம் சொன்னபின் அடுத்த பெயருக்குப் போனாள். நால்வருக்கும் புதுச் சம்பளம், மாதம் தவறாமல், முழுசாக. ஜிபெக் அப்போதுதான் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினாள்.

துர்லிபெக் நிமிர்ந்து நின்றார். "நாலு பேருக்கும் சரியா இருக்கில்ல? அப்ப புகார் பொய்ன்னு எழுதிக்குங்க. என் பட்டறையைப் பத்தி இப்படி ஒரு வார்த்தை சொன்னது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"பொய்யில்லையே. ஒருத்தருக்கு ஜனவரியிலருந்து சம்பளமே போகலை" என்றாள் அதிகாரி. "தன் பேரைச் சொல்லலாம்னு குடுத்தவங்களே புகார்ல எழுதியிருக்காங்க."

நான்கு பெண்களும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"பட்டியல்ல அஞ்சாவதா இருக்கற ஆளு, நிர்வாகி துர்லிபெக். புகார் குடுத்தது அவரோட வீட்டுக்காரம்மா மர்ஸியா."