‘தெரியும்ணே’ வெல்டர்

வெல்டிங் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தெரியாதவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் இன்று உங்களுக்குக் காட்டப்போகிறேன். இந்த இனத்தார் வெல்டிங்கை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. அருப்புக்கோட்டையில் பஸ் ஏறித் திருச்சுழி வந்து சேர்வதற்குள் எந்த நிறுத்தத்தில் இறங்கினாலும் ஒருவர் அகப்படுவார். பரளச்சிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு அகப்பட்டவர் காளீஸ்வரன்.

இவர்களைக் கண்டுபிடிப்பது எப்படி? சுலபம். மற்றவர்கள் வேலையைக் கற்றுக்கொண்டு சாமான் வாங்குவார்கள்; இவர்கள் முதலில் வெல்டிங் மெஷினை வாங்கி, அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றி, எலுமிச்சம்பழம் நசுக்கி, அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, ‘காளீஸ்வரன் வெல்டிங் ஒர்க்ஸ், கேட், கிரில், ஷட்டர், டிராக்டர் டிரெய்லர் வேலைகள் குறித்த நேரத்தில் செய்து தரப்படும்’ என்று போர்டு எழுதி மாட்டி, போர்டு கோணலாக இருக்கிறதா என்று ரோட்டைக் கடந்துபோய் நின்று பார்த்துவிட்டு வந்து உட்காருவார்கள். அதுவரைக்கும் இரண்டு இரும்பையாவது ஒட்டவைத்திருக்கிறார்களா? இல்லை. அதனால் என்ன?

காளீஸ்வரனுக்கு மில்லில் ஷிப்ட் வேலை. குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. “பார்க்கு மட்டும் வந்துருச்சுன்னா ஷெட்டு ஷெட்டா வெல்டிங் வேலைண்ணே, ஆளு கிடைக்காது” என்றார் என்னிடம். ஷிப்ட் முடிந்து வந்தால் செல்போனும் கையுமாகத்தான் இருந்தார். கப்பலுக்கு அடியில், கடல் தண்ணீருக்குள் மூழ்கி ஒருவன் வெல்டிங் செய்கிற வீடியோ வரைக்கும் பார்த்து முடித்துவிட்டார். எங்கள் ஊரில் மூழ்குகிற அளவுக்குத் தண்ணீர் கிடையாது என்பது வேறு விஷயம்.

பற்றவைக்கிற ராடு வாங்க வேண்டும் என்று மனைவி முருகலட்சுமியை வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு பரளச்சிக்குப் போனார். அங்கே பட்டறை வைத்திருக்கிற விஜயபாண்டி இருபது வருஷமாக இரும்போடு புழங்குகிறவர். ஆள் நல்ல மாதிரி. கேட்டால் ஒளிக்காமல் சொல்லக்கூடியவர்.

“காளீசு, எடுத்ததும் சாமான் செய்ய உக்காராத. பழைய இரும்புல ஒரு வாரம் வெறும் கோடு இழுத்துப் பழகு.”

“அது தெரியும்ணே.”

“துரு, பெயிண்டு எல்லாத்தையும் நல்லாச் சுரண்டிட்டு…”

“தெரியும்ணே.”

“எர்த்து கிளிப்ப…”

“அட, தெரியும்ணே!”

விஜயபாண்டி அதோடு நிறுத்திக்கொண்டு ராடைக் கட்டிக் கொடுத்தார். சொல்ல வந்தவர் வாயைத் தானே போய் அடைத்துவிட்டு வருவதில் இந்த இனத்தாருக்கு ஈடு கிடையாது. முருகலட்சுமிதான் விடாமல், “அண்ணே, ராடு ஏன்ணே இரும்புல ஒட்டிக்கிருது?” என்று கேட்டாள். கேட்டது அவரிடம். பதில் சொன்னது இவர்: “ஏ, அது எனக்குத் தெரியும். வீட்ல போய்ச் சொல்றேன், ஏறு.”

துருவைச் சுரண்டுவது எதற்கு, எர்த் கிளிப்பை எங்கே கடிக்கவிட வேண்டும், வெல்டிங்கின் மேல் படிகிற கசடை ஏன் தட்டி எடுக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீங்கள் அறியாததா? மேலே போவோம்.

வீட்டில் ராடு ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டதென்றால் சாதாரணமாக இல்லை. இரும்புத் துண்டு, ராடு, ராடைக் கவ்வுகிற ஹோல்டர், அதைப் பிடித்த காளீஸ்வரன் எல்லாம் சேர்ந்து ஒரே சாமானாக ஆகிவிட்டது. இழுத்துப் பிடுங்கிவிட்டு, “கரண்டு சரியில்ல” என்றார். இரண்டாவது முறை, “ராடு நமுத்துப்போச்சு.” மூன்றாவது முறை மெஷின் செய்த கம்பெனியைத் திட்டினார். மூஞ்சிக்குப் பிடிக்கிற கண்ணாடியை ஒரு கையில் பிடித்தால் வேலை பார்க்க முடியவில்லை என்று அதையும் தூக்கிப் போட்டுவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, ஒரு கண்ணை மூடி, குத்துமதிப்பாகப் பற்றவைத்தார். மறுநாள் இரண்டு கண்ணும் மிளகாய்ப்பழமாகச் சிவந்து நீர் கொட்டியது. “ஊரெல்லாம் கண்ணுவலி பரவுதாம்ல?” என்று எதிரே வந்தவர்களை எல்லாம் விசாரித்துக்கொண்டு மில்லுக்குப் போனார்.

இத்தோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். வந்தது தண்ணீர் வண்டிக்கு வினை.

எங்கள் ஊருக்கு நல்ல தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை, மெயின் ரோட்டுக் குழாயில் வரும். காளீஸ்வரன் வீட்டிலிருந்து அது ஒரு கிலோமீட்டர். அன்றைக்குப் பிடிக்கிறதுதான் அடுத்த நாலு நாளைக்குச் சோற்றுக்கும் குடிக்கவும். அதற்காகவே வீட்டுக்கு வீடு ஒரு தள்ளுவண்டி உண்டு: எட்டுக் குடம் உட்கார இரும்பு வளையங்கள், கீழே இரண்டு சக்கரம், பின்னால் பிடி. முருகலட்சுமியின் வண்டியில் அச்சைத் தாங்குகிற பட்டை ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தது. மறுநாள் தண்ணீர் வருகிற நாள்.

“ஏங்க, விசயபாண்டி அண்ணன்ட்ட குடுத்துருவமே.”

“வீட்ல மெஷின வச்சுக்கிட்டு வெளிய குடுத்தா ஊரு சிரிக்காது?”

“பழைய பெயிண்டு அப்பிக் கெடக்கே, அதச் சுரண்டணும்னு அவுக சொன்னாகள்ல?”

“அது தெரியும். இது சின்ன வேலை, இதுக்கெல்லாம் தேவையில்ல.”

பெயிண்டின் மேலேயே வைத்தார். புகை வந்தது, பொறி பறந்தது, தெருவில் நாலு பேர் கூடினார்கள். ஆள் கூடிவிட்டால் இந்த இனத்தாருக்குக் கை நிற்காது. முடித்துப் பார்த்தால் பட்டையின் மேல் பணியாரம் பணியாரமாக ஏதோ உட்கார்ந்திருந்தது. அதைத் தட்டிப் பார்த்தாரா? ஏன் தட்டுவார்? வெள்ளிப் பெயிண்டை எடுத்து இரண்டு கோட்டு அடித்தார். இந்த வெள்ளிப் பெயிண்டைக் கண்டுபிடித்த புண்ணியவானுக்கு இவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சிலை வைக்கலாம், சிலையில் விரிசல் விட்டாலும் அதே பெயிண்டை அடித்துக்கொள்ளலாம். பிறகு வெறும் வண்டியை இரண்டு ஆட்டு ஆட்டி, “யானை ஏறினாலும் தாங்கும்” என்றார்.

யானை ஏறவில்லை. எட்டுக் குடம்தான் ஏறியது. முருகலட்சுமி குழாயடியில் ஒன்றரை மணி நேரம் நின்று, முறைக்குக் காத்திருந்து, எட்டையும் நிரப்பி, ஏற்றி, தள்ளிக்கொண்டு வந்தாள். திருச்சுழி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு பின்னால் வர, ரோட்டின் வேகத்தடையில் சக்கரம் ஏறி இறங்கியது. பட்டை கழன்று, அச்சு உருவி, வண்டி ஒருபக்கம் சாய்ந்தது. எட்டுக் குடமும் உருண்டன. நாலு நாள் தண்ணீர், கரிசல் மண் அதைக் குடிக்க நாலு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. குழாயிலும் தண்ணீர் நின்றுபோயிருந்தது.

வண்டி குறுக்கே கிடக்க, பஸ் நின்றுவிட்டது; நான் அந்த பஸ்ஸில்தான் இருந்தேன். எனக்கு அங்கே சிரிப்பு வரவில்லை. காலிக் குடங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்த அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. வீட்டுக்குப் போய் யார் யாரிடம் கேட்டு அரைக்குடம் அரைக்குடமாக வாங்கப்போகிறாளோ என்றுதான் தோன்றியது. கேட்கவைக்காமலே பின்னால் வந்த ஜக்கம்மாள் தன் வண்டியிலிருந்து ஒரு குடத்தை இறக்கி வைத்தாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் இறக்கினார்கள். எட்டுக்கு மூன்று.

சத்தம் கேட்டு ஓடிவந்தார் காளீஸ்வரன். விழுந்த வண்டியைப் பார்த்தார், கழன்ற பட்டையைப் பார்த்தார், ஊரே தன்னைப் பார்ப்பதையும் பார்த்தார். இப்போது என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

“ரோடு சரியில்ல” என்றார்.

முருகலட்சுமி கழன்ற பட்டையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, நின்றிருந்த பஸ்ஸிலேயே ஏறிப் பரளச்சியில் இறங்கினாள். விஜயபாண்டி முன்னால் அதை வைத்தாள்.

“அண்ணே, எனக்கு ஒண்ணுந் தெரியாது. மொதல்ல இருந்து சொல்லுங்க.”

இருபது வருஷத்தில் அந்தப் பட்டறையில் யாரும் சொல்லாத வாக்கியம் அது. மனுஷர் அப்படியே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். டீ ஆறிப்போகும் வரைக்கும் பேசினார். மறுநாளிலிருந்து அவள் பழைய தகடுகளில் கோடு இழுத்தாள். முதல் நாள் கோடு கோழி கிளறின மாதிரி இருந்தது. “ஆமாண்ணே, கண்றாவியாத்தான் இருக்கு” என்று அவளே சொல்லிவிட்டு மறுபடி இழுத்தாள். அப்புறம் இரண்டு துண்டை ஒட்டவைத்து, தானே சம்மட்டியால் அடித்து உடைத்து, உள்ளே பிடித்திருக்கிறதா என்று பார்த்தாள். “உடையிறது இங்கயே உடையட்டும், ரோட்ல உடைய வேணாம்” என்றாள். பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் வீட்டுக்குத் தண்ணீர்? காளீஸ்வரன்தான் சைக்கிளில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாகக் குடம் கட்டி, தண்ணீர் வருகிற நாளில் நாலு நடை அடித்தார்.

பதிமூன்றாம் நாள் அவளே வண்டியைப் பற்றவைத்தாள். பெயிண்ட் அடிக்கவில்லை. வெல்டிங் எப்படி இருக்கிறதென்று யார் வேண்டுமானாலும் குனிந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். அடுத்த தண்ணீர் நாளில் அது எட்டுக் குடத்தோடு அதே வேகத்தடையில் ஏறி இறங்கியது. பக்கத்தில் நடந்துவந்த காளீஸ்வரன், எதிரே வந்தவர்களிடம், “எல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுதான்” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

எழுதி முடித்ததும் விவரம் சரியா என்று முருகலட்சுமியிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “நல்லாருக்குண்ணே. துருவையும் பெயிண்டையும் எதுக்குச் சுரண்டணும்னு உங்களுக்குத் தெரியும்ல?” என்றாள்.

“தெரியும்மா” என்றேன் நான்.

“சொல்லுங்க.”

வெளியே பஸ் வருகிறதா என்று எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். அவளே சொன்னாள்: “பெயிண்டு மேல வச்சா பெயிண்டுதான்ணே பத்தும். இரும்பு எங்க பத்தும்?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சரி, என்னை விடுங்கள். துரு, எர்த், கசடு, ‘நீங்கள் அறியாததா’ என்று மேலே ஓரிடத்தில் எழுதியிருந்தேனே, அப்போது நீங்கள் தலையாட்டினீர்களா, இல்லையா?