கான்ஸ்டபிள் 614 கழற்றி வைத்தவை

“பூட்ஸைக் கழட்டுங்க, ஏட்டையா.”

தங்கச்சாமி குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான். காலையில் எழுந்ததிலிருந்து எண்ணெயும் கரியும் குழைத்துத் தேய்த்த பூட்ஸ். குனிந்தால் தொப்பியின் குஞ்சம்கூட அதில் தெரிந்தது.

“போலீசுக்கார பூட்ஸ் இது,” என்றான்.

“யாரு பூட்ஸா இருந்தா என்ன. அடியில லாடம் அடிச்சிருக்கு. தரையில உரசினா பொறி தட்டும். உள்ள பூராம் மருந்து.” வாட்ச்மேன் சின்னச்சாமி மரியாதையாகத்தான் சொன்னார். “கம்பெனி ரூலு. கலெக்டர் வந்தாலும் கழட்டித்தான் ஆகணும். அந்தக் கம்பையும் குடுத்திருங்க, நுனியில இரும்புப் பூண் இருக்கு.”

தங்கச்சாமி ஏட்டு இல்லை. இரண்டாம் நிலைக் கான்ஸ்டபிள், நம்பர் 614. ஆனால் கூப்பிடுகிறவரைத் திருத்துகிற பழக்கம் அந்த உத்தியோகத்தில் யாருக்கும் கிடையாது. கேட்டுக்கு வெளியே கிடந்த கல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான்.

அச்சங்குளத்துக்கு வெளியே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது அந்தப் பட்டாசுக் கம்பெனி. அறுபத்தொன்றாம் வருஷத்துப் புரட்டாசி. தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிக்கும் சீசன். வெள்ளையடித்த சின்னச் சின்ன ஷெட்டுகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நின்றன. ஒன்று வெடித்தால் மற்றது பிழைக்கட்டும் என்ற ஏற்பாடு. அந்த ஒன்றுக்குள் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பற்றி யாரும் எந்த ஏற்பாடும் செய்ததாகத் தெரியவில்லை.

தங்கச்சாமி வந்த வேலை சாதாரணமானது. சாத்தூர் பஸ் நிலையத்தில் ஒரு சைக்கிள் களவு போனதைக் கம்பெனி போர்மேன் ரத்தினசாமி பார்த்திருக்கிறார். அவருக்குக் கோர்ட்டிலிருந்து சாட்சி சம்மன். ஒரு தாளைக் கொடுத்து, இன்னொரு தாளில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். யார் வேண்டுமானாலும் போகலாம். தங்கச்சாமிதான் ஸ்டேஷன் ரைட்டரிடம் கெஞ்சி அதை வாங்கிக்கொண்டான்.

காரணம், முருகம்மாள் அங்கேதான் திரி சொருகுகிறாள்.

தங்கச்சாமியின் ஆத்தா மாரித்தாய் அவளைப் பெண் கேட்டுப் பதினொரு நாளாகிறது. கவர்மெண்டு மாப்பிள்ளை என்றதும் பெண்ணின் அய்யா தலையாட்டினார், அண்ணன் தலையாட்டினான். முருகம்மாள் மட்டும், “யோசிச்சுச் சொல்றேன்,” என்றாளாம். ஊரே வாயில் கை வைத்தது. ஒரு பெண் மாட்டேன் என்று அழலாம், சரி என்று வெட்கப்படலாம். யோசிக்கலாம் என்று அதுவரை அங்கே யாருக்கும் தோன்றியதில்லை.

“வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வரலைன்னா காரியாபட்டியில வேற பொண்ணு பாக்கறேன்,” என்று மாரித்தாய் சொல்லிவிட்டாள். இன்று புதன்கிழமை.

சாத்தூர் சந்தையில் ஒருதரம் அவளுடைய முதுகை மட்டும் தங்கச்சாமி பார்த்திருக்கிறான். அந்த முதுகு போதுமானதாக இருந்தது. அதிலிருந்து அவனுக்கு ஒரு கனவு வளர்ந்தது. அவள் திரியும் கையுமாகத் தலை நிமிர்கிறாள். ஷெட் வாசலில் அவன் நிற்கிறான். தொப்பி, பெல்ட், மார்பில் வரிசையாகப் பித்தளைப் பொத்தான்கள், எல்லாவற்றிலும் வெயில். அவள் கையிலிருந்து திரி நழுவுகிறது. இதே கனவைப் பலதரம் கண்டுகண்டு, இப்போது அதில் கூரைமேல் ஒரு காக்கையும் வந்து உட்கார்ந்துகொண்டது. “எம் மவன் புதன்கிழமை உடுப்போட அங்கன வர்றான்,” என்று ஆத்தா லோடு வண்டிக்காரரிடம் இரண்டு நாள் முன்பே அச்சங்குளத்தில் பெண் வீட்டுக்குச் சொல்லியனுப்பியும் ஆயிற்று.

பூட்ஸ் போனால் என்ன. தொப்பி இருக்கிறது. தங்கச்சாமி எழுந்தான்.

“தொப்பியில பித்தளை வில்லை இருக்கே,” என்றார் சின்னச்சாமி.

“இருந்தா?”

“பித்தளையாச்சே.” அவர் வருத்தத்தோடு கையை நீட்டினார். தொப்பி போனது.

“பெல்ட்டுல கொக்கி.”

பெல்ட் போனது. கஞ்சியில் விறைத்த நிஜார் பிடிமானம் இல்லாமல் இறங்கப் பார்த்தது. ஒரு கையால் பிடித்துக்கொண்டான்.

“சட்டைப் பொத்தான் எதுல செஞ்சது, சார்?”

ஏட்டையா, சார் ஆகியிருந்ததைத் தங்கச்சாமி கவனித்தான். “பித்தளை,” என்றான் மெதுவாக.

“அடடா.”

சட்டை போனது.

“நான் கேக்கக் கூடாது. இருந்தாலும் நூறு உசுரு உள்ள இருக்கு, தம்பி. அந்த நிஜாருக்குள்ள கொக்கி கிக்கி உண்டா?”

தங்கச்சாமி வானத்தைப் பார்த்தான். பொய் சொல்லியிருக்கலாம். நூறு உசுரு என்று கேட்ட பிறகு வாய் வரவில்லை.

“ரெண்டு இருக்கு.”

சின்னச்சாமி தன் கொட்டகைக்குள் போய், பழுப்பேறிய நாலு முழ வேட்டியும் ஒரு துண்டும் கொண்டுவந்தார். கான்ஸ்டபிள் 614 மடித்து அடுக்கப்பட்டு அவருடைய பெஞ்சின் மேல் இருந்தான். மாரியப்பன் மகன் தங்கச்சாமி வெறுங்காலோடு உள்ளே போனான்.

தரை சுட்டது. இருபத்திரண்டு வருஷம் செருப்பில்லாமல் நடந்த கால், இரண்டே வருஷத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டிருந்தது.

உள்ளே எல்லாம் வேறு மாதிரி இருந்தது. இத்தனை பேர் வேலை செய்கிற இடத்தில் சத்தமே இல்லை. யாரும் எதையும் போடவில்லை, இழுக்கவில்லை. வைத்தார்கள், எடுத்தார்கள். அலுமினியப் பொடி காற்றில் மிதந்தது. வேப்பமர இலை, குடிதண்ணீர்ப் பானை, நடந்து போகும் பெண்களின் புருவம், எல்லாம் வெள்ளி. வெயிலுக்குள் இன்னொரு வெயில் இருப்பதுபோல் இருந்தது. பத்தடி போவதற்குள் அவன் கைமுடியும் மின்ன ஆரம்பித்தது.

பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் கட்டம்போட்ட துண்டோடு ஒருவர் நின்றார்.

“ரத்தினசாமிங்கறது...”

“நான்தாம்லே. லோடுக்கு வர்ற நேரமா இது? தூக்கு.”

“நான் போலீசு.”

ரத்தினசாமி அவனை வேட்டியிலிருந்து தலை வரைக்கும் பார்த்தார். “நான் தாசில்தாரு. பெட்டியத் தூக்குலே, வண்டி கிளம்பணும்.”

தூக்கினான். இரண்டு வருஷப் போலீஸ் வேலையில் அவன் முழுசாகக் கற்றது, யாராவது அதட்டினால் முதலில் செய்துவிட்டுப் பிறகு யோசிப்பது. ஐந்தாவது பெட்டியை வண்டியில் ஏற்றும்போதுதான் சம்மன் நினைவு வந்தது. அது சட்டைப் பையில். சட்டை கேட்டில்.

திரும்பிப் போனான். சின்னச்சாமி தாள்களை எடுத்துக் கையில் கொடுக்கப் போனவர் நிறுத்தினார்.

“குண்டூசி குத்தியிருக்கு, தம்பி.”

“அதுவுமா?”

“இது இரும்புல்ல.” ஊசியை உருவித் தன் கொட்டகைச் சுவரில் குத்தினார்.

ஊசி இல்லாத தாள்கள் இரண்டும் தங்கச்சாமியின் கையில் பாதி வழிதான் இருந்தன. கரிசல் காட்டுக் காற்று ஒன்று வந்து, கையெழுத்து வாங்க வேண்டிய தாளை மட்டும் உருவிக்கொண்டு போனது. பாய்ந்தான்.

“ஓடக் கூடாது,” என்று ஒரு ஷெட்டிலிருந்து குரல் வந்தது.

“தாளு பறக்குது...”

“தாளு பறக்கலாம். ஆளு ஓடக் கூடாது. நடங்க.”

நடந்தான். தாள் மிதந்தது. வாழ்க்கையில் எத்தனையோ பேரைத் துரத்தியிருக்கிறான், இப்படி யாரையும் துரத்தியதில்லை. தாள் தரையில் இறங்கி அவனுக்காகக் காத்திருப்பதுபோல் கிடக்கும். நான்கடி இருக்கும்போது எழுந்து போகும். வெள்ளிப் பெண்கள் கதவுக்குக் கதவு தலை நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் சிரிக்கும் சத்தம் கேட்கவில்லை. தூக்கத்தில் நடக்கிற மாதிரி, காலடிச் சத்தமில்லாமல், கையை நீட்டிக்கொண்டு, அரசாங்க முத்திரை வைத்த ஒரு தாளின் பின்னால் அவன் ஏழு ஷெட்டுகளைக் கடந்தான். கடைசி ஷெட்டின் வாசலில் தாள் படபடத்து உள்ளே நுழைந்தது. ஒரு குதிகால் அதன் மேல் இறங்கியது.

குதிகாலுக்கு உரியவள் தலை நிமிரவில்லை. தலையில் துணி சுற்றியிருந்தாள். நெற்றி, கன்னம், உதடு எல்லாம் வெள்ளி. கண் மட்டும் கறுப்பு. அவளோடு இன்னும் இரண்டு பேர். மடியில் வெடிக் குழல்களை வரிசையாக அடுக்கிக் கட்டிய பத்தி. அதில் கை விடாமல் திரி சொருகிக்கொண்டிருந்தது.

“மருந்துக் கை. எடுத்துக் குடுக்க முடியாது. நீங்களும் உள்ள வர முடியாது,” என்றாள். “இந்தப் பத்தியை முடிச்சிட்டுக் காலை எடுக்கேன். அதுவரைக்கும் வாசல்ல உக்காருங்க.”

உட்கார்ந்தான். இரண்டு வருஷத்தில் வேலை நேரத்தில் அவனை யாராவது உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“ஆரு நீங்க?”

“போலீசு.”

மற்ற இரண்டு பேரும் தோள் குலுங்கச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“அப்படியா. போலீசு வேலை எப்பிடி இருக்கு?”

“நல்ல வேலை. கவர்மெண்டு சம்பளம். பென்சன் உண்டு.”

“அது எல்லாரும் சொல்றது. ஒங்களுக்கு எப்பிடி இருக்கு?”

இதை அவனிடம் யாரும் கேட்டதில்லை. கனவில் வந்த காக்கைகூட. அவன் வெள்ளியாகிப்போன தன் முழங்காலைப் பார்த்தான்.

“எங்க ஊரு மேலத்தெருவுல எங்கய்யா சைக்கிள உருட்டிக்கிட்டுத்தான் போவாரு. சுந்தரபாண்டி வீட்டைத் தாண்டித்தான் ஏறணும். நான் உடுப்புப் போட்ட மறுநாள் ஏறி மிதிச்சுக்கிட்டே போனேன். மணி வேற அடிச்சேன்.”

“அந்த வீட்டுக்காரவுக என்ன செஞ்சாக?”

“எந்திரிச்சு நின்னாக.”

“ஒங்களுக்கா?”

“உடுப்புக்கு.”

அவள் ஒரு திரியைச் சொருகினாள். “அப்புறம்?”

“அப்புறம் என்ன. ஸ்டேஷன்ல உக்கார முடியாது. அதிகாரி வீட்டுக்குத் தண்ணி எடுக்கணும். அவுக பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு அலையணும். அதுக்கு எப்ப ஒண்ணுக்கு வந்தாலும் என் தொப்பிதான் வேணும்.”

இப்போது மூன்று பேரும் சிரித்தார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததும் வாய் நிற்கவில்லை.

“டீக்கடைக்குப் போனா பேச்சு நின்னு போகும். கூடப் படிச்ச பயலுக வணக்கம் சொல்லுதானுக. எங்காத்தா இருக்காளே, ‘ஏலே, எருமை, சோத்தத் தின்னுட்டுப் போ’ன்னு தெரு முழுக்கக் கத்துறவ. இப்ப ‘சாப்பிட்டீகளா’ங்குறா. பெத்தவ. உடுப்பக் கழட்டின பிறகும் அப்பிடித்தான் கேக்குறா.”

அவள் இன்னொரு திரியை எடுத்தாள்.

“ஆரையாச்சும் அடிச்சிருக்கீகளா?” என்றாள் அவள்.

தங்கச்சாமி வாசல் மண்ணில் விரலால் ஒரு கோடு இழுத்தான்.

“ஒரு மில்லு வாசல்ல வேலைநிறுத்தம். அடின்னாக. மொதல் நாளு, நிறுத்தியிருந்த வண்டிச் சக்கரத்தை அடிச்சேன். சத்தம் பெருசாக் கேட்டுச்சு. இன்ஸ்பெக்டர் சபாஷ்னாரு.”

“ரெண்டாம் நாளு?”

“ரெண்டாம் நாளு அங்கன வண்டி இல்ல.”

அவள் கை முதல் தடவையாக நின்றது.

“தோள்ல பட்டுச்சு. எங்கய்யா வயசு இருக்கும். என் மூஞ்சியக்கூட அவரு பாக்கல, நம்பரத்தான் பாத்தாரு. மறுநாள் அவரு வீட்டைத் தேடிக்கிட்டுப் போனேன். யாரும் கதவைத் திறக்கல.”

“ஏன்?”

“உடுப்போட போயிட்டேன்.”

பத்தியின் கடைசித் திரியைச் சொருகிவிட்டு அவள் குதிகாலை எடுத்தாள். தாளில் வெள்ளியில் ஒரு பாதி பாதம் பதிந்திருந்தது. தங்கச்சாமி கையை நீட்டி அதை எடுத்துக்கொண்டு எழுந்தான். போகாமல் நின்றான்.

“இங்கன முருகம்மான்னு ஒரு பொண்ணு வேலை பாக்குதா?”

மற்ற இரண்டு பேரும் தலையை நன்றாகக் குனிந்துகொண்டார்கள்.

“இன்னைக்கு லீவு,” என்றாள் அவள். “எதுக்கு?”

“ஒண்ணும் இல்ல. லீவுன்னா நல்லதுதான். இந்தக் கோலத்துல பாக்க வேணாம்.”

“எந்தக் கோலத்துல பாக்கணுமாம்?”

“தொப்பியோட.”

அவள் அடுத்த பத்தியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “வெயிலா இருக்கு. பானையில தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

போர்மேன் ரத்தினசாமி சம்மனைப் படித்தார். தாளில் பதிந்த பாதத்தைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார்.

“நெசமாவே போலீசா? மூணு பெட்டி தூக்க வச்சிட்டேனே, சார்.”

“அஞ்சு,” என்றான் தங்கச்சாமி.

கையெழுத்து வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது சின்னச்சாமி அங்கே இல்லை. உள்ளே கடைசி ஷெட் பக்கமிருந்து மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தார். அவரும் ஓடக் கூடாது.

தங்கச்சாமி நிஜாரை மாட்டினான். சட்டை, பெல்ட், பூட்ஸ். எல்லாம் அளவாகத்தான் இருந்தன. ஆனாலும் வேறு யாருக்கோ தைத்தது போலிருந்தது. தொப்பியை வைத்தான். தொப்பிக்குக் கீழே முகம் இன்னும் வெள்ளியாகவே இருந்தது. துடைக்கத் துடைக்கப் பரவியது.

கேட்டுக்கு வெளியே சைக்கிள் நின்றது. சாலை வெறுமையாக, கானல் ஓடிக்கொண்டிருந்தது. கனவில் மிச்சமிருந்த காக்கையும் எங்கோ பறந்துவிட்டது.

“ஒரே ஒரு நாளுதான் கெடச்சுச்சு,” என்றான் சின்னச்சாமியிடம். கோபமாகச் சொல்லத்தான் நினைத்தான். “நாளக் கழிச்சு வெள்ளி. இனிமே இந்தப் பக்கம் வர எனக்கு வேலையும் இல்ல. அந்தப் பொண்ணு லீவு. வந்திருந்தாலும் நான் யாருன்னு தெரிஞ்சிருக்காது. ஒங்க பித்தளை ரூலு எங் கல்யாணத்தையே கெடுத்துருச்சு, பெரியவரே.”

சின்னச்சாமி அவன் தோளில் ஒட்டியிருந்த பொடியைத் தட்டிவிட்டார்.

“பித்தளையில எங்கிட்டுப் பொறி தட்டும், மாப்பிள்ளை? உள்ள மருந்து அள்ளுறதே பித்தளைக் கரண்டியிலதான். பூட்ஸும் கம்பும் ஊசியுந்தான் கம்பெனி ரூலு, மிச்சத்தையெல்லாம் கழட்டச் சொன்னது முருகம்மா.”