ஓட்டையை விளக்கும் வாத்தியார்

உலகத்தில் ஓட்டையை அடைப்பவர்கள் உண்டு. ஓட்டை இருப்பதே தெரியாதவர்களும் உண்டு. இரண்டிலும் சேராத ஓர் இனம் இருக்கிறது: ஓட்டையை விளக்குபவர். உங்கள் ஆபீஸிலும் ஒருவர் கட்டாயம் இருப்பார். நாம் பார்க்கப்போகிறவர் ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர். அங்கே எல்லோருக்கும் அவர் வாத்தியார்.

நோயாளிகளின் ரிப்போர்ட்டுகளை வைத்திருக்கும் புரோகிராம் எந்தக் கம்ப்யூட்டர் மொழியில் எழுதப்பட்டதோ, அந்த மொழியை ஓடவைக்கும் அடிப்படை மென்பொருளிலேயே ஓட்டை என்று செய்தி வந்தது. அடைப்பதற்கான திருத்தமும், அதாவது அப்டேட்டும், கூடவே வந்தது. இறக்கி, போட்டு, ஒருமுறை நிறுத்தி ஓடவிட்டால் வேலை முடிந்தது. வாத்தியார் அப்படி முடிப்பாரா? உள்ளே புகுந்து வரிவரியாகப் படித்தார், வருகிற தகவலின் அளவைப் பார்க்க மறந்த வரியைக் கண்டுபிடித்தார், கூட்டம் போட்டார், பலகையில் கட்டம் கட்டமாக வரைந்தார், அதுவும் போதாமல் மேஜைமேல் ஒரு டம்ளரை வைத்து, ஒரு ஜக் தண்ணீரை முழுக்க அதில் ஊற்றி, "நாம ஒதுக்கின இடத்தைத் தாண்டி இப்படித்தான் வழியும். வழிஞ்ச இடத்துல வெளியாள் எழுதினது நம்ம மெஷினுக்குக் கட்டளையாயிடும்" என்று காட்டினார். அருமையான விளக்கம். மேஜையைத் துடைத்தது மட்டும் பக்கத்தில் இருந்த, அதே பிரிவில் வேலைபார்க்கும் பெண்.

துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள்: "அப்ப திருத்தத்தை இன்னைக்கே போட்டுடலாமா சார்?"

"அவசரப்படாதீங்கம்மா. முதல்ல எல்லாருக்கும் புரியட்டும்."

எல்லோருக்கும் புரிந்தது. கேன்டீன்காரருக்குப் புரிந்தது. லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவருக்குக்கூடப் புரிந்தது. வாத்தியார் இரண்டாவது கூட்டத்துக்குப் படம் வரைந்துகொண்டிருந்தபோது, வெளியே யாரோ ஒருவனுக்கும் புரிந்துவிட்டது. அவன் அந்த ஓட்டை வழியாகவே வந்து, ரிப்போர்ட்டுகளை அள்ளி, ஊரே பார்க்கும்படி இணையத்தில் கொட்டிவிட்டுப் போனான்.

அதில் வாத்தியாரின் மனைவியுடையதும் இருந்தது. குழந்தை உண்டாக அவள் அதே மருத்துவமனையில் எடுத்துக்கொண்டிருந்த சிகிச்சை. பெற்ற தாயிடம்கூடச் சொல்லாத விஷயம். இப்போது ஆறுதல் சொல்ல நாத்தனார் போன் செய்கிறாள்.

வாத்தியார் மனைவியை உட்காரவைத்து நடந்ததை விளக்கினார். சமையலறையிலிருந்து டம்ளரும் எடுத்துவந்தார். பாவம், அவருக்குத் தெரிந்தது அதுதான். அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"அடைக்க வழி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"உங்க கையிலயா?"

வாத்தியார் மறுபடி டம்ளரை நோக்கிக் கையை நீட்டினார். அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சிரிக்கிறீர்களா? உங்கள் போனும் "அப்டேட் போடலாமா?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்ததே, "பிறகு" என்று தள்ளிக்கொண்டே வந்தீர்களே, ஏன்? விளக்கம் சட்டென்று வருகிறது, இல்லையா? வாருங்கள் வாத்தியாரே, உட்காருங்கள்.