பிறர்மண்வௌவியம்

துப்பாக்கி ஏந்தாமல், ஒரே ஒரு சொல்லால் எதிரியைத் திணறடித்த பெருமை 1971 டிசம்பரில் காரைக்காலுக்குக் கிடைத்தது. எதிரிக்குத் தமிழ் தெரியாது என்பது இதில் ஒரு சிறிய குறை, அவ்வளவுதான்.

பகைவனின் கொள்கைக்குப் பெயர் சூட்ட ஓர் அலுவலகத்தில் ‘போர்க்காலச் சொல்லாக்கக் குழு’ கூடியது. தலைவர், அதிகாரி சோமசேகரன். உறுப்பினர், மொழிபெயர்ப்பு எழுத்தர் நீலமேகம். எட்டு ஆண்டுகளாகத் தற்காலிக ஊழியர். நல்ல சொல்லாகக் கொடுத்தால் வேலை நிரந்தரம் என்றிருந்தார்கள்.

“அவன் கொள்கை என்னங்க சார்?” என்று கேட்டார் நீலமேகம்.

“அது நமக்கெதுக்கு? கேட்டதும் கோவம் வரணும். ‘இயம்’னு முடியணும்.”

“‘கொடுங்கோலியம்’ போடலாங்களா?”

“வேணாம். யாரைச் சொல்றோம்னு மேலிடம் சந்தேகப்படும்.”

மூன்றாம் நாள் ‘பிறர்மண்வௌவியம்’ பிறந்தது. பொருள்: ‘அடுத்தவர் நிலத்தைக் கேளாமல் பறித்து, கேட்டவர் வாயை அடைத்தல்.’ ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டி ஊரெங்கும் விளக்கினார்கள். சோமசேகரனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. காரைக்கால்மேட்டில் மீனவர்கள் வலை காயவைக்கும் திடலை வளைத்துக் கம்பிவேலி போட்டு, ‘பிறர்மண்வௌவிய எதிர்ப்புத் திடல்’ என்று பலகையும் நட்டார்.

மறுநாள் காலை, அந்த ஊரில் மீன் விற்கும் புனிதவதி கூடையோடு அலுவலகத்துக்கு வந்தாள்.

“வலையெல்லாம் ஈரத்துல மக்கிப்போவுது. எங்க எடத்தை எங்களையே கேக்காம அடைச்சிப்புட்டீங்களே, ஞாயமா?”

“யுத்த நேரம். வாயை மூடு!” என்றார் சோமசேகரன்.

புனிதவதி கொஞ்சம் யோசித்தாள். “ஜீப்புல சொன்னீங்களே, பிறர்மண் கவ்வியமோ என்னமோ... அது இதானுங்களா?”

சோமசேகரன் மேசை மணியை அடித்தார். காவலர்கள் வந்து அவளை அழைத்துப் போனார்கள். கூடை மட்டும் வாசலில் கிடந்தது. நீலமேகம் அதை எடுத்து நிழலில் வைத்தார். அவள் உச்சரிப்பில்தான் பிழை. பொருளில் ஒரு பிழையும் இல்லை.

உடனே அவசரக் கூட்டம்.

“அவ பேசினதுக்குப் பேர் வச்சாத்தான் வழக்கு எழுத முடியும். சீக்கிரம் ஒரு சொல் குடுங்க. உங்க நிரந்தர உத்தரவு இதோ இருக்கு, கையெழுத்துதான் பாக்கி” என்றார் சோமசேகரன்.

நீலமேகம் அந்த உத்தரவை ஆசை தீரப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, ஒரு தாளில் எழுதி நீட்டினார்.

“‘உண்மை’யா? என்னய்யா, இது பழைய சொல்லாச்சே!”

“நம்ம ஆபீசுக்குப் புதுசுங்க சார்.”