ஒரே மிதியில் கிளம்பிய ஜீப்

ஜீப் ஒரே மிதியில் கிளம்பிவிட்டது. சின்னதுரை காலை எடுத்துவிட்டு மிதியைக் குனிந்து பார்த்தார்.

"இன்னாங்க, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சி?" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி விக்டோரியா.

"கெளம்பிடுச்சி."

"கெளம்பத்தானே மிதிச்சீங்க?"

சின்னதுரை கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் ஓர் இரும்பாலையில் போர்மேன். கல்யாணமான வருஷம், அறுபத்தாறில், பட்டாளத்து ஏலத்தில் ஜீப் எடுத்தவர். அதற்குச் சாவி கிடையாது. ஒரு திருகு, ஒரு மிதி. ஆனால் ஏழெட்டு மிதியும் கொஞ்சம் வசவும் தள்ளிவிட ஆளும் இல்லாமல் இந்த எட்டு வருஷத்தில் ஒருநாள்கூட அது கிளம்பியதில்லை.

இன்று ஆரணியில் விக்டோரியாவின் தங்கை செல்விக்கு நிச்சயதார்த்தம். தகப்பனில்லாத பெண், மூத்த மாப்பிள்ளை சின்னதுரைதான் தட்டு மாற்ற வேண்டும். வழியில் கவரைப்பேட்டையில் இறங்கி நாஷ்டா முடித்தார்கள். வாழைத்தாரும் தேங்காயும் வாங்கிக்கொண்டு வந்து, கடை வாசலில் நம்பர் பலகை வரை சேறு அப்பி நின்ற ஜீப்பில் ஏறி மிதித்தால், இந்த அதிசயம்.

இரண்டாவது கியர் போட்டதும் விக்டோரியா வழக்கம்போல் கியர் கம்பியை அழுத்திப் பிடித்தாள். விட்டால் துள்ளி வெளியே வந்துவிடும். கல்யாணமான புதிதில் பழவேற்காடு போகும்போது, "இத்த கொஞ்சம் புடிச்சிக்கோ" என்றதுதான் அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு. அவள் பிடித்தாள். அந்தக் கைமேல் இவர் கை வைத்தார். அவர்கள் குடித்தனம் ஆரம்பித்தது அந்தக் கியர் கம்பியில்தான்.

"கைய எடுத்துட்டேங்க. அப்பவும் நிக்குது."

"வெளையாடாத."

அவள் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். கியர் அசையவில்லை. சின்னதுரைக்கு ஏதோ பறிபோனதுபோல் இருந்தது.

"நல்லதுதானே? கை வலி மிச்சம்."

"நல்லதா? சாவப்போறவன் கடைசி நாள்ல எழுந்து உக்காந்து கஞ்சி கேப்பான் பாரு, அது மாரி இது. எஞ்சின் எந்நேரமும் போயிடும்."

புளியமரத்தடியில் நிறுத்திப் பார்க்கலாமென்று பிரேக்கை மிதித்தார். அவர் வண்டியில் மூன்று மிதிக்குப் பிறகுதான் பிரேக் யோசிக்கவே ஆரம்பிக்கும். இன்றோ மிதித்த இடத்திலேயே நின்றது. பின்னால் இருந்த வாழைத்தார் பறந்து வந்து விக்டோரியாவின் பட்டுப்புடவை மடியில் உட்கார்ந்தது.

"பிரேக்கும் பேஜாரு பண்ணுது," என்றார் துக்கத்தோடு.

எங்கே போனாலும் இடுப்பில் செருகியிருக்கும் ஸ்பேனரை உருவினார். முதலில் பிரேக்கைத் தளர்த்தினார். எஞ்சின் சத்தமே வரவில்லையே என்று கார்புரேட்டர் திருகை லேசாகத் திருப்பினார். வண்டி இருமியது. இருமலை நிறுத்த பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பெட்ரோல் நாற்றமும் புகையும் சேர்ந்துகொண்டன. கியர் பெட்டி மூடியைத் திறந்து, "இங்க ரொம்ப இறுக்கமா கீது," என்று ஒரு ஸ்பிரிங்கை எடுத்து ஜேபியில் போட்டுக்கொண்டார்.

"மணியாவுதுங்க. சர்ச்சுலேந்து பாதரு வந்துடுவாரு."

"தோ, ஆச்சி."

இப்போது நாலு மிதி வாங்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. இரண்டாவது கியர் போட்டதும் துள்ளி வெளியே வந்தது. விக்டோரியா தன்னையறியாமல் கை நீட்டிப் பிடித்துக்கொண்டாள். சின்னதுரை அந்தக் கையைப் பார்த்தார். மனசு நிறைந்தது. அந்த நிறைவில் எதிரே சாலையை மறித்து நின்ற எருமையைக் கவனிக்கவில்லை.

பிரேக் யோசித்தது. எருமை யோசிக்கவில்லை, அங்கேயே நின்றது. ஜீப் ஒடித்துத் திரும்பி, நடவு முடிந்த வயலில் இறங்கி, உடம்பெல்லாம் உதறிக்கொண்டு அணைந்தது. தேங்காய்கள் சேற்றில் உருண்டன.

விக்டோரியா சேலையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஏறினாள். சின்னதுரை மட்டும் இறங்காமல் அந்தக் கடைசித் தடதடப்பை நினைத்துச் சிரித்தார்.

"இப்பதான் நம்ம வண்டி."

"நிச்சயதார்த்தம்?"

"தள்ளிக்கினே போயிடலாம் வா. நமக்கு இன்னா புதுசா?"

அப்போது சாலையில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. ஆலைக் காவல்காரர் பச்சையப்பன். மூச்சு இரைத்தது.

"அண்ணே, நல்ல வேள. நாஷ்டா கடக்காரரு இப்பிடித்தான் போனீங்கன்னாரு. மேனேஜர் ஐயா கையோட இட்டாரச் சொன்னாரு."

"லீவு நாள்ல இன்னாய்யா?"

"அவரும் போன மாசம் பட்டாளத்து ஜீப்பு ஒண்ணு எடுத்தாரே, தெரியாதா? மெட்ராஸ்ல குடுத்து எல்லாம் புதுசா மாத்தி நேத்துதான் கொண்டாந்தாரு. இன்னிக்கு அதே நாஷ்டா கடையில காபி குடிச்சிட்டு வந்து ஏறுனா, கெளம்பவே மாட்டேங்குது. ஐயாவே எறங்கித் தள்ளிக்கினு கீறாரு. போர்மேன் வந்தாத்தான் சரியாவும்னாரு."

சொல்லிக்கொண்டே பச்சையப்பன் வயலில் இறங்கி, ஜீப்பின் நம்பர் பலகையில் இருந்த சேற்றைத் துண்டால் துடைத்தார். குனிந்து படித்தார். மறுபடியும் படித்தார்.

"அண்ணே, ஐயா வண்டி இங்க நிக்குது. அப்ப அவரு தள்ளிக்கினு கீறது யாரோடது?"