ஆக்லாந்துக்கு ஆள் அனுப்பியவர்

காலை எட்டு பத்து. பிஜித் தீவின் நமாகாவில் எங்கள் அலுவலகக் கதவில் முதலில் கண்ணில் பட்டது ஒரு தாள்: 'ராஜு இன்று ஆக்லாந்து போய்விட்டான்.' அதன் பக்கத்திலேயே என்னோடு வேலை பார்க்கும் ராஜு சாப்பாட்டு டப்பாவுடன் நின்றிருந்தான்.

பிஜியிலிருந்து மிக அதிகம் பேரை ஆக்லாந்துக்கு அனுப்பியவர் எங்கள் தலைமைப் பொறியாளர்தான். அவரோ அதுவரை ஒருநாளும் விமானம் ஏறியதில்லை. எங்களுக்கு அவர் 'ஆக்லாந்து அண்ணன்'.

ஓட்டல் அறைப் பதிவுகளுக்கான கணினிகளைக் கவனிப்பது எங்கள் வேலை. ஆட்சிக் கவிழ்ப்புக்கு அடுத்த மாதம் எங்களில் மூன்று பேர் குடும்பத்தோடு நாட்டைவிட்டு, நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குக் கிளம்பினார்கள். பாஸ்வேர்டுகள் அவர்கள் தலைக்குள்ளேயே போய்விட்டன. இரண்டு நாள் எல்லாம் நின்றது. அன்றிலிருந்து வெள்ளிதோறும் அண்ணன் யாராவது ஒருவரை முன்னறிவிப்பின்றி, 'ஆக்லாந்து போய்விட்டான்' என்று கதவில் தாள் ஒட்டி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார். மிச்சப் பேர் சமாளிக்க வேண்டும்; தடுமாறிய இடத்தையெல்லாம் எழுதிவைக்க வேண்டும்.

"அரே அண்ணே, ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேனே!" என்று கெஞ்சுவான் ராஜு.

"ஆக்லாந்து போனவன் போனே எடுக்க மாட்டான். நட!"

ஒருமுறை மேலாளரையே அனுப்பப் பார்த்தார். "இனி ஒரு தடவை கணினி நின்றால் நீதான் வீட்டுக்கு" என்றார் மேலாளர்.

அப்போதுதான் சிட்னியில் ஒரு பெரிய கணினி நிறுவனம் மூத்த பொறியாளர் பதவிக்கு அண்ணனைச் சோதித்துக்கொண்டிருந்தது. நான்கு சுற்று தாண்டிவிட்டார். கடைசிச் சுற்று ஒரு வெள்ளிக்கிழமை, வீடியோவில், எங்கள் கூட்ட அறையில். பாதியில் ஓட்டல் பதிவுகளை எல்லாம் ஓட்டும் சர்வர் செயலிழந்து விழுந்தது. எழாவிட்டால் அண்ணனுக்கு இருக்கிற வேலையும் போகும். கதவைத் திறந்தேன்.

"அண்ணே, எல்லாம் நின்னுபோச்சு!"

"வாசல்ல தாளப் பாக்கலயா? இன்னைக்கு ஆக்லாந்துல இருக்கிறது நான். கதவச் சாத்து."

திரையில் இருந்த சிட்னி நிறுவன அம்மையார் என் பதற்றத்தைப் பார்த்து, "போய்ப் பார்க்க வேண்டாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான் போனால்தான் சரியாகும் என்றால், இந்தப் பதவிக்கு நான் ஆள் இல்லை, மேடம்."

எழுதிவைத்த தாள்களை ராஜு புரட்டிப் படித்தான், நான் கணினியில் தட்டினேன். பதினோராவது நிமிடம் இருவரும் அறைக்குள் பாய்ந்தோம்.

"எந்திரிச்சிருச்சு அண்ணே!"

அவர் திரும்பவே இல்லை. எங்கள் பக்கம் கையை மட்டும் நீட்டினார். "மேடம், இதுவரை நான் செய்த வேலை இந்த ரெண்டு பேர்தான்."

அம்மையார் கைதட்டினார். செவ்வாயன்று நியமனக் கடிதம் வந்தது. மேலாளரே கேக் வாங்கிவந்தார்.

அவர் சிட்னிக்குக் கிளம்பிய அடுத்த வெள்ளிக்கிழமை கணினிகள் ஒரு நிமிடமும் நிற்கவில்லை. எட்டு பத்துக்கு ராஜுவும் நானும் தாள் இல்லாத கதவின் முன்னால் நின்றிருந்தோம்.